அப்பாவின் ஸ்கர்ட்டும் அன்பியக் கூட்டமும்

"ஃபாதர் அங்கி போட்டுக்கிறாரு, தாத்தா வேட்டி கட்டுறாரு. அப்பா மட்டும் ஏம்மா அதைப் போட்டுட்டுக் கோயிலுக்கு வரக்கூடாது?"

ஞாயிறு காலைப் பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில் என் மகள் இப்படிக் கேட்டாள். அவளுக்கு ஐந்து வயது, யுகேஜி படிக்கிறாள். நான் அவளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். சிக்கு எடுப்பதுபோல் சீப்பைக் கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். அவள் முகத்தைச் சுளித்தாள், பேச்சு மாறிவிட்டது. நான் பி.எட். முடித்தவள். குழந்தைகள் கேட்கும் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்று பரீட்சையில் பத்து மதிப்பெண் விடையே எழுதியிருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை.

என் கணவர் வீட்டில் ஸ்கர்ட் அணிவார்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. முதலில் "வித்தியாசமான உடை" என்று எழுதினேன். பிறகு "சற்றுத் தளர்வான உடை". இரண்டையும் அடித்துவிட்டேன். அது ஸ்கர்ட்தான். முழங்காலுக்குக் கீழே வரை இறங்கும் அடர்நீலப் பருத்தித் துணி, முன்பக்கம் நான்கு மடிப்பு, இரண்டு பக்கமும் பை. மேலே எப்போதும் போடும் அதே சட்டை, அதே மீசை. சேகோ ஆலையில் ஜவ்வரிசிக்கான மாவைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. காலையில் பேன்ட் போட்டுக்கொண்டு போவார், மாலையில் வந்து கைகால் கழுவிவிட்டு ஸ்கர்ட்டுக்கு மாறிவிடுவார்.

முதல் ஸ்கர்ட் ஆன்லைனில் பார்சலாக வந்தபோது எனக்கென்று நினைத்துப் பிரித்தேன். அவருக்கு என்று தெரிந்ததும் காரணம் தேட ஆரம்பித்தேன். வேர்க்குருவாக இருக்குமோ, ஆலையில் நின்றுகொண்டே வேலை செய்வதால் தொடை உரசுகிறதோ என்றெல்லாம் நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன். ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

"கைலி போதாதாங்க?"

"கைலிய எந்நேரமும் அவுத்து அவுத்துக் கட்டணும். இது இடுப்புல இருக்கறதே தெரியல. அதோட எனக்கு இது நல்லா இருக்கற மாதிரி தோணுதும்மா. அவ்வளவுதான்."

முதல் பாதி எனக்கு உடனே புரிந்தது. "நல்லா இருக்கற மாதிரி தோணுது" என்பதைப் புரிந்துகொள்ள ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதமும் துவைத்த ஸ்கர்ட்டை உள்கொடியில் என் இரண்டு நைட்டிகளுக்கு நடுவில்தான் காயப்போட்டேன்.

ஆன்லைன் துணி சீக்கிரம் நைந்துபோனது. ஜலகண்டாபுரத்தில் தறிக்காரர் ஒருவரிடம் கெட்டியான துணி வாங்கிவந்தார். தைப்பதற்கு எங்கள் தெருவிலேயே மூன்றாவது வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். அவரிடம் எனக்கு என்று சொல்லிக் கொடுத்தேன். அக்கா என் இடுப்பை அளந்தார்.

"ஆறு இஞ்ச் கூட வெச்சுத் தைங்கக்கா."

அக்கா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "விசேஷமா?"

நான் சிரித்துவைத்தேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அது பொய்யில் சேராது என்று அன்று நினைத்தேன்.

சேலத்தின் ஓரத்தில், ஜலகண்டாபுரம் போகும் சாலையிலிருந்து பிரியும் தெரு எங்களுடையது. நாங்கள் கல்யாணமாகி இங்கே குடிவந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு அக்கம்பக்கம், கோயில், மகளின் பள்ளி என்று பழக்கம் உண்டு. அவருக்கு யாரும் இல்லை. ஆலையில் கூட வேலை செய்பவர்களிடம் வேலை பற்றி மட்டும் பேசுவார். வீட்டுக்கு வந்தால் நானும் மகளும். அது எனக்கு ஒரு குறையாகவே தோன்றியதில்லை, அவர் அந்தக் குழுவில் சேரும்வரை.

ஸ்கர்ட் அணியும் ஆண்களுக்கென்று கைப்பேசியில் ஒரு குழு. எங்கெங்கோ இருப்பவர்கள் படம் போட்டுக்கொள்வார்கள், துணி பற்றிப் பேசிக்கொள்வார்கள். ஒருநாள் அவர் அதில், "சேலம், நாமக்கல் பக்கம் யாராவது இருக்கீங்களா?" என்று எழுதினார். பதிலே இல்லை. சாப்பிடும்போது எடுத்துப் பார்ப்பார், வைத்துவிடுவார். பதினோராவது நாள் பதில் வந்தது.

"வெண்ணந்தூருங்க. கிட்டத்தானுங்க."

அதை எனக்கு மூன்று முறை படித்துக் காட்டினார். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் வந்தது. யார், எப்படிப்பட்டவர், படம் எடுத்து மிரட்டுவாரோ. நான்கு பேர் நடமாடும் இடத்தில் பாருங்கள் என்றேன். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் சந்தித்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேருமே பேன்ட் போட்டுட்டுப் போயிருக்கோம். எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?"

எலாஸ்டிக் நல்லதா, நாடா நல்லதா என்று அரை மணி நேரம் பேசினார்களாம். மீதி நேரம் முழுக்கக் குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளியில், மாவுச்சத்து எத்தனை பாயின்ட் தேறும் என்ற பேச்சு. வெண்ணந்தூர்க்காரர் ஐந்து ஏக்கரில் கிழங்கு போடும் விவசாயி. வயது ஐம்பதுக்கு மேல். என் கணவர் அந்தக் கிழங்கின் மாவைத்தான் தினமும் சோதிக்கிறார். எந்தப் பேச்சில் நெருக்கமானார்கள் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அவர் மூலம் மூன்றாவது ஆளாக மேட்டூர் அனல்மின் நிலையத்தில் வேலை செய்யும் ஃபிட்டர் ஒருவர் வந்தார். பெரிய மீசை, குறைந்த பேச்சு. அவர் மனைவிக்கு விஷயம் தெரியும், பிடிக்காது. அதனால் ஸ்கர்ட்டை டிபன் பையில் மடித்துவைத்து எடுத்துவருவார். வெண்ணந்தூர்த் தோட்டத்துக்கு வந்து மாற்றிக்கொள்வார், கிளம்பும்போது மறுபடி பேன்ட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். மூன்று ஆண்களும் ஸ்கர்ட்டில் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். விவசாயியின் மனைவி என்னை அடுப்படிக்கு அழைத்துப்போனார். நான் கேட்க வந்ததைக் கேட்காமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"ஏனுங் கண்ணு, மூஞ்சி ஏன் இப்புடி இருக்குது?"

"ஊர்ல ஒண்ணும் சொல்லலையாக்கா?"

"சொன்னாங்க. ரெண்டு நாளு சிரிச்சாங்க. மூணாவது நாளு பக்கத்துத் தோட்டத்துல எரும கன்னு போட்டுருச்சு, அதப் பாக்கப் போயிட்டாங்க." துருவியதை அள்ளிப் போட்டார். "மொதல்ல நானுந்தான் பேசாம மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருந்தனுங்க. அப்பறம் பாத்தா, மோட்டார் ரூம் சாவி, போனு எல்லாம் அந்தப் பையிலயே பத்திரமா இருக்குது. கைலி மடியில வெச்சு என்ற ஊட்டுக்காரரு தொலச்ச சாவி கொஞ்சமா நஞ்சமா. சாவி தொலையாம இருந்தாச் சரின்னு உட்டுட்டனுங்."

வெளியிலிருந்து அவர் கணவர் குரல் கொடுத்தார். "டீக்கடையில ஒருத்தன் கேட்டானுங் அம்மணி, எப்பங்க உங்களுக்குச் சடங்குன்னு. தாய்மாமன் சீரு உங்கூட்டுல இருந்துதான் வரோணும், தட்டத் தூக்கிட்டு வாடான்னு சொல்லிட்டு வந்தேன்."

அதுவரை வாய் திறக்காத மேட்டூர்க்காரரும் சிரித்துவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது என் கணவர் மகளுக்கு விசிலடித்துக் காட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப அழைக்காமல் இருக்க என்னால் முடியாது. அடுத்த மாதம் மூன்றாம் ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். விவசாயிக்குப் பரிசாகக் கொடுக்க இவர் காப்பிப்பொடி நிறத்தில் துணி வாங்கினார். அதையும் நான்தான் தையற்கார அக்காவிடம் எடுத்துப்போனேன். இம்முறை எட்டு அங்குலம் கூட்டச் சொன்னேன். அக்கா என் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார்.

இப்போது அன்பியம் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பங்குக் கோயிலில் குடும்பங்களைத் தெருவாரியாகப் பிரித்துச் சிறு குழுக்களாக வைத்திருக்கிறார்கள். அதுதான் அன்பியம். மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். போன மாதம் கூட்டம் நடந்த வீட்டிலிருந்து மாதா சுரூபம், அதாவது சிலை, இந்த மாதத்து வீட்டுக்குப் போகும். எங்கள் அன்பியத்தின் தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். வாட்ஸப்பில் நான்கு நிமிடத்துக்குக் குறையாமல் குரல்செய்தி அனுப்புவார். பெரும்பாலும் வேத வசனமும் விளக்கமும் இருக்கும். நான் அதைக் கேட்காமலே கைகூப்பும் படத்தைப் போட்டுவிடுவேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

நாங்கள் விருந்து வைத்திருந்த அந்த வாரம் கூட்டம் நடக்கவேண்டிய வீட்டில் பையனுக்கு அம்மை போட்டிருந்தது. "ஞாயிறு உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?" என்று டீச்சர் என்னிடம் கேட்டிருக்கிறார், குரல்செய்தியின் மூன்றாவது நிமிடத்தில். நான் கைகூப்பியிருந்தேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு விருந்தினர் வந்தார்கள். விவசாயி, முந்தின வாரமே நாங்கள் கொடுத்தனுப்பிய பரிசு ஸ்கர்ட்டையே போட்டுக்கொண்டு மனைவியோடு காரில் வந்து இறங்கினார். தெருவில் யாராவது பார்த்தார்களா என்று நான் வாசலை எட்டிப் பார்த்தேன், யாரும் இல்லை. மேட்டூர்க்காரர் உள்ளே வந்து மாற்றிக்கொண்டார். இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய் வைத்துத் தரும் எங்கள் ஊர்த் தட்டுவடை செட்டுக்குக் காய் துருவிக்கொண்டிருந்தேன். என் கணவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான்கரை மணி இருக்கும், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்னால் டீச்சர். பின்னால் தையற்கார அக்கா, துண்டில் சுற்றிய மாதா சுரூபத்தைக் குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு. இருவரும் எங்கள் கேட்டை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

"ஏங்க, அன்பியம் நம்ம வீட்டுக்கு வருது. கைலிக்கு மாறிக்குங்க, சீக்கிரம்."

அவர் என்னைப் பார்த்தார். கத்தியைத் தட்டில் வைத்தார், "சரிம்மா" என்றார், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேட்டூர்க்காரரும் டிபன் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். விவசாயி தரையில் உட்கார்ந்து என் மகளின் பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நான் எங்கீங் அம்மணி மாறறது. ஊட்டுல இருந்தே இதுலதான வந்தேன்."

"சும்மா உக்காருங்க," என்றார் அவர் மனைவி. "வர்றவங்க என்ன, கடிச்சா வெக்கப் போறாங்க?"

டீச்சர் உள்ளே வந்தார். அவர் பார்வை கூடத்தைச் சுற்றி வந்து காப்பிப்பொடி நிறத்தில் நின்றது. "இவங்க...?"

"அவரோட ஃப்ரெண்டு, டீச்சர். வெண்ணந்தூர்."

"வாங்க, வாங்க," என்று விவசாயி தன் வீட்டுக்கு வந்தவர்களைப்போல வரவேற்று எழுந்தார். மூலையில் அடுக்கியிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போட ஆரம்பித்தார். அவர் குனிந்தபோது தையற்கார அக்கா சுரூபத்தை மேசையில் வைத்துவிட்டு நேராக அவரிடம் வந்தார்.

"கொஞ்சம் திரும்புங்கண்ணா."

அவர் திரும்பினார்.

"இது நான் தெச்சது. பை வாயில ரெட்டைத் தையல் இந்தப் பக்கத்துல நான் மட்டுந்தான் போடுவேன்." அக்கா என்னைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். "அப்ப விசேஷம் இல்லையா?"

"இல்லக்கா."

"மூணு மாசமா உனக்காக நான் ஜெபமாலை சொல்லிட்டிருக்கேன்."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். ஆனால் அக்காவின் கோபம் அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டது. "ஆம்பளைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இடுப்ப இப்படி வெட்டியிருப்பேனா? பின்னாடி தூக்கிட்டு நிக்குது பாரு. யாரு தெச்சதுன்னு கேட்டா என் பேருதான் கெடும்."

"உக்காரும்போது கொஞ்சம் இழுக்கத்தாங்க செய்யுது," என்றார் விவசாயி.

"பொம்பளை வெட்டுல வெட்டினா இழுக்காம? இங்க நில்லுங்க." இடுப்புப் பட்டியை விரலால் பிடித்து, சாணால் அளந்து பார்த்தார்.

"மொதல்ல ஜெபம்," என்றார் டீச்சர். "அளவெல்லாம் அப்புறம்."

அப்போதுதான் அறைக்கதவு திறந்தது. மேட்டூர்க்காரர் பேன்ட்டில் வந்து கதவோரம் நின்றார், பின்னாலேயே என் கணவர் கைலியில் வெளியே வந்தார். நடுக்கூடத்தில் அவருடைய நண்பர் ஸ்கர்ட்டோடு நிற்பதையும், அக்கா அளவெடுப்பதையும், யாரும் ஒன்றும் ஆகிவிடாமல் இருப்பதையும் பார்த்தார். ஃபிரிட்ஜ் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் முகத்தில் கோபம் இருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும். அவர் கைலி முடிச்சை இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். சொந்த வீட்டிலேயே அவர் ஒளிந்துகொண்டவராக இருந்தார், நான் ஒளித்துவைத்தவளாக.

மற்ற குடும்பங்களும் வந்தன. பதினைந்து பேர் இருப்போம். சிலர் விவசாயியை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஒரு அம்மா நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். கடைசியில் மன்றாட்டு. ஒவ்வொருவராக ஒரு வேண்டுதல் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். அம்மை கண்ட பையனுக்காக ஒருவர், மழைக்காக ஒருவர், மகனின் வேலைக்காக ஒருவர். வெண்ணந்தூர்த் தம்பதி கோயிலில் நிற்பதுபோலக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது வேண்டுதலுக்குள் பதிலைக் கற்றுக்கொண்டு அவர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

என் மகள் கையைத் தூக்கினாள்.

"சொல்லு செல்லம்," என்றார் டீச்சர்.

"எங்க அப்பா கைலிய மாத்திட்டு மறுபடி ஸ்கர்ட் போட்டுக்கணும் என்று ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றது கூடம் முழுவதும், ஒரே குரலில்.

சின்ன வயதிலிருந்து பழகிய வாய். சொல்லி முடித்த பிறகுதான் எதற்காக மன்றாடினோம் என்பது எல்லோருக்கும் உறைத்தது. விவசாயி ஒரு நொடி தாமதமாக, எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். மேட்டூர்க்காரரின் மீசை துடித்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்கள். டீச்சர் ஜெபப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். என் கணவரும் சிரித்தார், கண்ணில் நீர் வருமளவு. ஆனால் எழுந்துபோய் மாற்றிக்கொள்ளவில்லை.

பிறகு தட்டுவடை செட் பரிமாறினோம். டீச்சர் சமையலறைக்கு வந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க என்ன நினைப்பீங்களோன்னு இருந்துச்சு டீச்சர்."

"முன்னாடியே சொல்லியிருந்தா என்ன நினைச்சிருப்பேன்னு எனக்கே தெரியல. நேர்ல பார்த்தப்ப ஒண்ணும் தோணல. எல்லாரும் அப்படி இருப்பாங்கன்னு நான் சொல்லமாட்டேன்." தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். "ஆமா, என் மெசேஜைக் கேட்டியா இல்லையா?"

கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அதற்குத்தான் அவர் அதிகம் வருத்தப்பட்டார்.

இது நடந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. பெரும்பாலும் நல்லபடியாகவே போகிறது. நாற்காலியை நகர்த்திப் போட்ட அம்மா இன்னும் எங்கள் வாசலில் நின்று பேசுவதில்லை. மற்றவர்கள் பழையபடிதான். தையற்கார அக்கா இவரையும் விவசாயியையும் நேரில் நிற்கவைத்து அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தார். இப்போது பின்னால் தூக்குவதில்லை. இரண்டு வாரம் என்னோடு பேசாமல் இருந்தவர், அடுத்த அளவுக்கு அவராகவே கூப்பிட்டனுப்பினார். ஓமலூர்ப் பக்கமிருந்து இன்னும் இருவர் சேர்ந்து, ஐந்து பேராக மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். மேட்டூர்க்காரரின் மனைவியும் ஒருமுறை அவரோடு வந்தார். என்னோடு சமையலறையிலேயே இருந்தார், அதிகம் பேசவில்லை. போகும்போது மட்டும், "இங்க வந்தா நல்லாச் சாப்பிடறாருங்க," என்றார். மேட்டூர்க்காரரின் டிபன் பை இப்போதும் கூடவே வருகிறது. என் கணவர் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறார், நண்பர்களோடு போனில் பேசுகிறார், விசிலடிக்கிறார். ஸ்கர்ட்டை வெளிக்கொடியில் காயப்போடுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான். அந்த நாளுக்குப் பிறகு வாசல் மணி அடித்தால் அவர் எழுந்து அறைக்குள் போய்விடுகிறார். நான் சொல்லவேண்டியதே இல்லை. பால்காரரோ கூரியர்காரரோ தையற்கார அக்காவோ, யாராக இருந்தாலும் சரி, கைலியில்தான் வெளியே வருகிறார். "இருங்க, பரவாயில்லங்க" என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும்மா, பழகிருச்சு" என்கிறார். கைலியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன், பேன்ட்டை மாட்டிக்கொண்டு வந்தார். ஒரு வாரம் மணியின் பேட்டரியைக் கழற்றி வைத்தேன், வந்தவர்கள் கேட்டைத் தட்டிச் சத்தம் போட்டார்கள், அதற்கும் எழுந்து போனார். அன்று பயந்தது நான்தான், நீங்கள் அல்ல என்று அவரிடம் சொல்லியும் விட்டேன். கேட்டுக்கொண்டார், என் தலையைத் தடவினார். மறுநாள் மணி அடித்தது, எழுந்தார்.

ஒரே ஒருமுறை அவசரத்தில் சொன்ன சொல் இது. இதை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது? இன்னும் பேசிப் பார்க்க வேண்டுமா, பேசப் பேச அவர் மனத்தில் அது இன்னும் ஆழமாகப் பதிந்துவிடுமா? அல்லது ஒன்றும் சொல்லாமல், மணி அடித்ததும் நானே முதலில் எழுந்து கதவை அகலத் திறந்துவைக்கலாமா? உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது நடந்து, சரியாகியிருந்தால், என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் முழுவதும் படிப்பேன்.